ஐந்தாம் தாளின் கீழ்ப்பாதி

சூஃபென்னின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவள் “கீழ்வீட்டுச் சீனப்பெட்டை”. அப்பாவுக்கு அதுகூட நீளம், வெறும் “உவள்”. பெயர் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். அவளுடைய படிப்பில் மண்ணை அள்ளிப் போட்டதும் நான் ஒருத்திதான். சுற்றிவளைத்துப் பேச எனக்கு வராது. கோசலை ஒரு வாய்க்காரி என்று ஊரிலும் பெயர், இங்கும் பெயர். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் பார்த்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

1987ஆம் ஆண்டு. பாரிஸில், லாச்சப்பலில் மெத்ரோ ரயில் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் பின்னால் எங்கள் வீடு. ரூ காய் தெருவில் தமிழ்க் கடைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நாங்கள் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒன்றரை அறையில் இருந்தோம். கீழே முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் சூஃபென்னின் சித்தப்பா தோல்பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். சீனாவில் வென்ஜோ என்ற இடத்து ஆட்கள். பட்டறையின் பசை மணம் நாலாம் மாடி வரைக்கும் ஏறும். காயப்போட்ட உடுப்பெல்லாம் மணக்கிறது என்று அம்மா யன்னலைத் திறந்து தமிழில் ஏசுவார். சித்தப்பா கீழே நின்று சிரித்துக் கையசைப்பார். அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம் வரும்.

எனக்கும் சூஃபென்னுக்கும் அப்போது பதினாறு வயது. இரண்டு பேரும் பிரெஞ்சு தெரியாமல் வந்து இறங்கி, புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று இருந்த வகுப்பில் ஒரு வருடம் குந்தியிருந்துவிட்டு, கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்புக்குத் தள்ளப்பட்டவர்கள். அந்த வகுப்பு முடிந்தால் இரண்டு வழி. புள்ளி இருந்தால், பல்கலைக்கழகம் வரைக்கும் போகக்கூடிய லிசே. இல்லாவிட்டால் தையல், சமையல் என்று ஏதாவது தொழில் பள்ளிக்கூடம். சூஃபென்னுக்கு அந்த இரண்டாவது வழிகூடக் கிடையாது. சித்தப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: லிசே கிடைத்தால் படிக்கலாம், ஒரு குறையும் வைக்கமாட்டேன். கிடைக்காவிட்டால் ஜூலையிலிருந்து பசை மேசை. பட்டறையில் தைக்கத்தான் ஆள் வேண்டும் என்றால் அதைப் படிக்கப் பள்ளிக்கூடம் எதற்கு என்பது அவருடைய கணக்கு.

சும்மா சொல்லக்கூடாது, கணிதத்தில் அவள் பேய். இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று எடுப்பாள். கணித மாஸ்டர் அவளுடைய கொப்பியை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி ஒன்பது வரும். இங்கிலீஷில்தான் அடி. இருபதுக்கு ஐந்து. டிசம்பரில் வகுப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டு, மே மாதம் நடக்கும் இங்கிலீஷ் வாசிப்புச் சோதனையில் பத்துக்கு மேல் எடுத்தால் லிசேக்கு நானே பேசுகிறேன் என்று சொன்னார். அவள் அதைக் கையில் பேனையால் எழுதிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

ஏன் என்னிடம்? வகுப்பில் இங்கிலீஷுக்கு நான்தான் ராணி. எனக்குக் கணிதம் எட்டு, பிரெஞ்சு ஒன்பது. இங்கிலீஷ் பதினாறு. அந்தப் பதினாறு இல்லாவிட்டால் நானும் தையல் பள்ளிக்கூடம்தான். யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டிலில் குந்தியிருந்து பாடமாக்கின இங்கிலீஷ் அது. அதை வைத்துக்கொண்டு இங்கே மினுக்கித் திரிந்தேன்.

“நீ எனக்கு இங்கிலீஷ், நான் உனக்குக் கணிதம்” என்றாள். எங்களுக்குள் பேச்சு எல்லாம் உடைந்த பிரெஞ்சில்தான். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

புதன்கிழமைகளில் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா இரவு வேலை முடித்துவந்து அறையில் படுத்திருப்பார். அதனால் நான் கீழே பட்டறைக்குப் போவேன். சூஃபென்னுக்கு அந்த நேரம் வேலை உண்டு. தோல்பையின் கைபிடிக்குப் பசை பூசி, இரண்டு பக்கத்தையும் அழுத்தி ஒட்டவேண்டும். ஒட்டிக்கொண்டே வாசிப்பாள். கொப்பி எதிரே சுவரில் குத்தியிருக்கும். பிழைவிட்டால் நான் அடிமட்டத்தால் மேசையில் தட்டுவேன். எனக்கு அது பெரிய சந்தோசம். ஊரில் என்னைத் தட்டின எல்லா ரீச்சர்மாருக்கும் சேர்த்துத் தட்டினேன்.

சொல் படிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. புதுப் பைகள் நெளியாமல் இருக்க உள்ளே மெல்லிய தாளைக் கசக்கித் திணிப்பார்கள். அந்தத் தாளில் நீளநீளமாகக் கிழித்து, ஒரு துண்டுக்குப் பத்துச் சொல் எழுதுவாள். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் சீன எழுத்து. பத்தையும் பார்க்காமல் சொன்னால் அந்தத் துண்டு கசங்கி ஒரு பைக்குள் போகும். ஒரு சொல் பிசகினாலும் போகாது, மேசையிலேயே கிடக்கும். அந்த மாரிகாலத்தில் பாரிஸில் தோல்பை வாங்கின பெண்களெல்லாம் உள்ளே இங்கிலீஷ் சொற்களையும் சேர்த்துத்தான் வாங்கிப் போனார்கள். ஒருநாள் சித்தப்பா ஒரு பையைத் திறந்து கண்டுபிடித்துவிட்டார். கத்தின கத்தலில் மேலேயிருந்து அம்மா எட்டிப்பார்த்தார்.

“என்னடி, உந்த மனிசன் பிள்ளைக்கு அடிக்கிறானோ?”

“இல்லையம்மா, ஏசுறார்.”

“ஏன் உந்தப் பெட்டை இப்பிடி மெலிஞ்சுபோய்க் கிடக்குது? மேலை கூட்டிக்கொண்டு வா, புட்டு இருக்கு.”

வந்து சாப்பிட்டாள். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓட ஓட, வாயில் புட்டோடு அன்றைய பத்துச் சொல்லையும் சொல்லி முடித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பாவம், நல்ல பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

சொற்கள் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டன. வாசிப்புத்தான் ஏறவில்லை. ஒரு வசனத்தில் எட்டுச் சொல் இருந்தால் எட்டையும் தெரியும், வசனம் தெரியாது. இது என்ன, அது எங்கே போகிறது, ஏன் இங்கே இறந்தகாலம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குப் பதில் தெரியாது. நான் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. தெரியாது என்று சொல்ல என் வாய் வருமா? “அது தேவையில்லை. பாடமாக்கு” என்று சொன்னேன்.

அவள் அதற்குச் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவளுடைய ஊரிலும் அப்படித்தானாம். விடியவே பள்ளிக்கூட மதிலோரம் நின்று, பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசித்துப் பாடமாக்குவார்களாம். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அதனால் மருந்து தேவையென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் இன்னொன்று நடந்தது. சனிக்கிழமைகளில் புறநகர் சார்செல்லிலிருந்து இசபெல் தாயோடு ரூ காய்க்குச் சாமான் வாங்க வருவாள். பாண்டிச்சேரி ஆட்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கொலேஜில் படித்து லிசேக்குப் போனவள். அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷ் சோதனையைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

“மதாம் லெஸ்கூரா? அவங்க வருஷா வருஷம் அதே ஏழு தாளத்தான் குடுப்பாங்க. எங்க மமான் எதையும் தூக்கிப் போடாது, எல்லாம் ஒரு கார்த்தோன் பெட்டில கெடக்கு. வேணும்னா எடுத்துட்டு வர்றேன்.”

அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து தந்தாள். ஊதா மையில் உருட்டிப் படியெடுத்த ஏழு தாள்கள். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இதைக் களவு என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் பழைய வினாத்தாள் சேர்க்காத பிள்ளையை மொக்கு என்பார்கள். கடையில் கட்டுக்கட்டாக விற்கும். ரீச்சரே கொண்டுவந்து தருவார், ஐந்து வருடத்துத் தாளைச் செய்தவனுக்குப் பயமில்லை என்பார். சூஃபென்னும் பார்த்த உடனே கண் விரிய, “எங்களிடமும் இது உண்டு! சிவப்புக் கட்டு!” என்றாள். பிரெஞ்சுக்காரர் இதை என்ன பெயரால் கூப்பிடுவார்கள் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஏழு தாளையும் கரைத்துக் குடித்தோம். ஐந்தாம் தாளில் ஒரு பூனை. லீட்ஸ் நகரத்தில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. மூன்றாம் நாள் பூனையைக் காணவில்லை. பிள்ளைகள் தெருவெல்லாம் அறிவித்தல் ஒட்டுகிறார்கள். இது மேல்பாதி. கீழ்ப்பாதியில் பூனை பழைய வீட்டுக்கே நடந்துபோய், அங்கே புதிதாகக் குடிவந்தவர்களோடு இருக்கிறது.

“அது ஏன் சொந்த ஆட்களை விட்டுவிட்டுப் போனது?” என்று சூஃபென் கேட்டாள்.

“பூனைக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்? நீ பாடமாக்கு.”

மே மாதம் வரும்போது அவள் ஏழையும் பார்க்காமல் சொன்னாள். அதிலும் ஒரு விசேசம். நான் வாசித்துக் காட்டினதை அப்படியே பிடித்திருந்தாள். நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே விட்டாள், எந்தச் சொல்லை இழுப்பேனோ அதை இழுத்தாள். கண்ணை மூடிக் கேட்டால் வென்ஜோக்காரி இல்லை, யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புப் பெட்டை ஒருத்தி வாசிக்கிறாள். எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சோதனை வகுப்புக்கு முன்னாலேயே நடந்தது. மதாம் லெஸ்கூர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுப்பார். வாசிக்க வேண்டும், சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டும், பிறகு கேள்வி. குடும்பப் பெயர் வரிசைப்படி. நான் தவரத்தினத்தின் மகள், கடைசிக்குக் கிட்ட. சூஃபென்னின் குடும்பப் பெயர் யே. அவள்தான் கடைசி.

எனக்கு இரண்டாம் தாள் வந்தது. நன்றாக வாசித்தேன். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தடக்கினேன், ஒரு இடத்தில் நின்று சொல்லை உற்றுப்பார்த்தேன். பாடமாக்கினது வெளியே தெரியக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. களவு இல்லையென்றால் ஏன் தடக்கினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அன்றைக்கு நான் என்னை அப்படிக் கேட்கவில்லை. பதினேழு போட்டார்.

சூஃபென்னுக்கு ஐந்தாம் தாள். அவள் முகம் பூரித்துப்போனது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். ஒரு பிழை இல்லை. பின்வாங்கில் இருந்த பெடியன்கள் இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என்னுடைய இழுப்பு, என்னுடைய மூச்சு. மதாம் லெஸ்கூர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். சூஃபென்னின் கண் தாளில் இல்லை. யன்னலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது.

பிள்ளைகள் அறிவித்தல் ஒட்டுகிற இடம் வந்தது. அதற்குப் பிறகும் வாசித்தாள். பூனை நடக்கிறது, ஒன்பது நாள் நடக்கிறது, பழைய வீட்டு வாசலில் நின்று கத்துகிறது. அப்போதுதான் பார்த்தேன். அவள் கையில் இருந்த தாள் பாதித் தாள். இசபெல்லின் தாள் முழுத் தாள். ஐந்தாம் தாளில் மட்டும் மதாம் லெஸ்கூர் மேல்பாதியை வெட்டிக் கொடுத்து, “இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்பது வழக்கமாம். அன்றைக்கு அந்தத் தாள் வந்தது சூஃபென்னுக்கு மட்டும்தான். முழுத் தாளைச் சோதனை முடிந்த பிறகுதான் எல்லாருக்கும் கொடுப்பார். சூஃபென் கையில் இல்லாத பாதியைக் கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தத் தாளை எங்கே எடுத்தாய்?” என்று மதாம் கேட்டார்.

சூஃபென்னுக்கு இன்னும் விளங்கவில்லை. அதுதான் கொடுமை. பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கையை நீட்டி என்னைக் காட்டினாள். “கோசலை தந்தாள். பழைய தாள்கள். எல்லாவற்றையும் படித்தோம்.”

மதாம் என் பக்கம் திரும்பினார். “கோசலை, உண்மையா?”

அப்பா எங்களுக்குச் சொல்லிச்சொல்லி வளர்த்தது ஒன்று. “பிள்ளை, இஞ்சை எங்கடை பேர் ஒரு தொசியேயிலையும் ஏறக்கூடாது. எல்லாத் தொசியேயும் கடைசியிலை ஒரே மேசைக்குத்தான் போகும்.” தொசியே என்றால் கோப்பு. அப்போது அப்பாவின் வதிவிடக் கார்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. மூன்று மாதத் தற்காலிகத் துண்டோடு மனிதன் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் களவு என்று எழுதினால் அது நேரே கார்ட் கொடுக்கிற பிரிஃபெக்சர் கந்தோருக்குப் போகும், கார்ட் போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன். எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் அப்படி ஒரு பயம் வரும். இது அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடினது. உண்மையாகவே ஓடினது. ஆனால் பதினேழு என்ற இலக்கமும் கூடவே ஓடினது, அதையும் சொல்ல வேண்டும்.

“இல்லை, மதாம்” என்றேன்.

சூஃபென்னின் கை அப்படியே நீட்டினபடி நின்றது. பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தாள். மதாம் லெஸ்கூர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். தாளைக் களவெடுத்ததற்குப் பூச்சியம். சக மாணவி மேல் பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு குறிப்பு.

அடுத்த நாலு நாள் நான் முற்றத்தால் போகவில்லை. குப்பை வாளி வைக்கிற பின்கதவால் போனேன். ஐந்தாம் நாள் அங்கேயே அவள் நின்றாள். கத்துவாள், மயிரைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவின் கார்ட்டைச் சொன்னேன். தொசியேயைச் சொன்னேன். பிரிஃபெக்சர் என்ற சொல் வந்ததும் அவள் தலையாட்டத் தொடங்கிவிட்டாள். அந்தச் சொல்லை அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டறைக் கதவை யாராவது பலமாகத் தட்டினால் உள்ளே எத்தனை பேர் பின்பக்கத்தால் ஓடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“பேப்பரா. அப்படியென்றால் சரி” என்றாள். பிறகு கேட்டாள். “உன் அப்பாவுக்கு எப்போது கிடைக்கும்?”

“ஜூன் பதினைந்தளவில் என்று சொன்னார்கள்.”

“யாருக்கு லிசே என்று முடிவெடுக்கிற பள்ளிக்கூடக் கூட்டம் இருபத்திரண்டு. ஏழு நாள் இருக்கிறது. கார்ட் வந்த பிறகு மதாமிடம் சொல். சொல்வாய்தானே?”

சொல்வேன் என்றேன். அவள் என்னை நம்பினாள். எடியே, இப்படி ஒரு மொக்கு இருப்பாளா என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. அவள் பட்டறைக்குத் திரும்பிப் போய் மேசையில் இருந்தாள். புதன்கிழமை நான் போகாவிட்டாலும் தாளைக் கிழித்துப் பத்துச் சொல் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். மாடியிலிருந்து பார்த்தேன்.

அப்பாவின் கார்ட் பதினாறாம் தேதி வந்தது. அம்மா பாயாசம் காய்ச்சினார். கீழ்வீட்டுக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொன்னார். சூஃபென் கதவைத் திறந்து கோப்பையைப் பார்த்தாள். “வந்துவிட்டதா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு எங்கள் வீட்டு ஆட்களைவிடச் சந்தோசம். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், அவரும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ஒவ்வொரு நாளும் மதாம் லெஸ்கூரின் அறைக்கு முன்னால் போய்நின்றேன். ஒவ்வொரு நாளும் திரும்பினேன். ஒருநாள் மதாம் சாப்பிடப் போயிருந்தார். ஒருநாள் வேறு ஆசிரியர் உள்ளே இருந்தார். காரணமா இல்லை? இருபத்திரண்டாம் தேதி கூட்டம் நடந்து, மறுநாள் மத்தியானம் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு லிசே. சூஃபென்னின் பெயருக்கு நேரே தொழில் பள்ளிக்கூடம், தையல் என்று இருந்தது.

அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. “மேல்முறையீட்டுக்கு மூன்று நாள் உண்டாம். கணித மாஸ்டர் சொன்னார். ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுத வேண்டுமாம். இன்றைக்குச் சொல்வாயா?” என்றாள்.

அன்றைக்குப் போனேன். உண்மையாகப் போனேன். ஏழு தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று கதவைத் தட்டினேன். மதாம் தனியாகப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். “நான்தான் கொடுத்தேன். எங்கள் ஊரில் இது பிழையில்லை. அவள் களவெடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை” என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மதாம் தாள்களைப் புரட்டினார். முகம் சிவந்தது. அது என்மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, வெட்கம். ஏழு தாளிலும் அவருடைய கையெழுத்து, மேலே மூலையில் பழைய வருடங்கள்.

“எனக்குத் தெரியும்” என்றார். “அவள் வாசித்தபோதே தெரியும். அது உன்னுடைய குரல். ஆனால் நீ இல்லை என்றாய்.”

நான் தலையாட்டினேன்.

“கடிதம் எழுதலாம்” என்றார். “வியாழக்கிழமை குழு கூடும். அவளுடைய கணிதத்துக்கு ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் எனக்கு எப்படித் தெரியும் என்று நான் எழுத வேண்டும். அப்போது உன் பதினேழும் இல்லாமல் போகும். உன் தொசியேயையும் திரும்பத் திறப்பார்கள். உன் மற்றப் புள்ளிகளைப் பார்த்தேன், எனக்கு நம்பிக்கையில்லை.” பேனையின் மூடியைக் கழற்றினார். “எழுதட்டுமா?”

இந்த இடத்தில் எனக்கு ஒரு சாட்டும் இல்லை. அப்பாவின் கார்ட் வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் பறிக்கமாட்டார்கள் என்று எனக்கு அப்போது தெரியும். அப்பா இரவு இரவாக வேறு மனிதர் சாப்பிட்ட கோப்பை கழுவுவது எனக்காக, அம்மா சொந்தக்காரருக்கெல்லாம் கடிதம் எழுதக் காத்திருக்கிறார் என்று எதையாவது சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அறையில் நான் அவர்களை நினைக்கவில்லை. என்னை மட்டும்தான் நினைத்தேன். தையல் மெசினுக்கு முன்னால் நான் இருக்கிற மாதிரி ஒரு காட்சி வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏழு தாளையும் எடுத்து அடுக்கித் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மதாமும் பேனையை மூடினார். எனக்காகவா, தனக்காகவா என்று இன்றுவரை தெரியாது. நான் கதவைச் சாத்தும்போது திரும்பவும் புத்தகங்களைக் கட்டத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்கு நடந்துவந்தேன். இந்த முறை பின்கதவால் போகலாமென்று நினைத்தேன். பிறகு, எத்தனை நாளைக்கு என்று முற்றத்தாலேயே வந்தேன். சூஃபென் பட்டறை வாசலில் நின்றாள். விரலெல்லாம் பசை. நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று தெரிந்தது. உள்ளே சித்தப்பா மேசையிலிருந்து நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“போனாயா?”

“போனேன்.”

“சொன்னாயா?”

“எல்லாம் சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“காலம் கடந்துவிட்டதாம். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதாம்.”

அவள் திரும்பிச் சித்தப்பாவிடம் அவர்களுடைய பாஷையில் ஒரே ஒரு சொல் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவள் பசைக் கையால் என் உடுப்பைத் தொடக்கூடாது என்று முழங்கையால் என் கையை மெதுவாகத் தட்டினாள். என் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அவள் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள்.

“அழாதே. நீ போய்ச் சொன்னாய்தானே, அது போதும்” என்றாள்.

“ஓம்” என்றேன்.